மீனில்லாத பெட்டி

தச்சநல்லூர்
4.6.2025

பிரிஸில்லாவுக்கு,

ஸ்தோத்திரம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். எழுத வரவில்லை, விட்டுவிட்டேன். நலமா என்றும் கேட்கவில்லை. உன் அண்ணன் மாதம் ஒரு தடவை ஆழ்வார்குறிச்சிக்கு வந்து உன்னைப் பார்த்துவிட்டுத்தானே வருகிறார். உனக்கு ஒன்று என்றால் அவர் முகத்தில் தெரிந்திருக்கும்.

விஷயம் இதுதான். மொட்டை மாடியில் உன் மீன் தொட்டிகள் அப்படியே கிடக்கின்றன. சிமெண்டுத் தொட்டி இரண்டு, நீலப் பீப்பாயை அறுத்துச் செய்தது ஒன்று. நீ இந்த வீட்டை விட்டு இறங்கியதிலிருந்து நான் அதுகளுக்கு ஒரு பருக்கை தீனி போட்டதில்லை. சாகட்டும் என்றுதான் விட்டேன். சாகவில்லை. வெள்ளத்தில் உன் அண்ணன் கடைக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்று, ஒயரும் சுவிட்சும் குப்பையாகக் கிடந்த நாளிலும் மாடியில் உன் மீன்கள் சுகமாக நீந்திக்கொண்டிருந்தன. கோடையில் தண்ணீர் வற்றினால் நான் குழாயைத் திறந்துவிடுகிறேன். ஏன் என்று கேட்காதே.

நேற்று கொசு ஒழிப்புக்கு வருகிற ஆறுமுகத்தாய் மாடிக்கு ஏறினாள். இந்தத் தெருவுக்குப் புதிது, நம் வீட்டுக் கதை அவளுக்குத் தெரியாது. தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "யம்மா, ஒரு புழுகூட இல்லயே. எல்லாத்தையும் மீனு தின்னுருக்கு. நல்ல காரியம்லா பண்ணியிருக்கிய" என்றாள். என் பிள்ளையைக் கொசு கடித்துக் கொன்ற வீட்டில் கொசுவே இல்லை என்று எனக்கு நற்சான்று கொடுத்துவிட்டுப் போகிறாள். 

உன் மீனை எடுத்துக்கொண்டு போ. நீ வராதே, யாரையாவது அனுப்பு. போன் பண்ணாதே, உன் எண்ணை முடக்கி வைத்திருக்கிறேன். உன் குரலைக் கேட்டால் அன்றைக்கு வந்த பேச்சுதான் எனக்கு வரும். எழுதும்போது கொஞ்சம் அடங்குகிறது.

யூனிஸ்


ஆழ்வார்குறிச்சி
11.6.2025

அன்புள்ள மைனிக்கு,

ஸ்தோத்திரம். உங்கள் கையெழுத்தை உறையில் பார்த்ததும் பிரிக்காமல் கல்லூரிக்குக் கொண்டுபோய், மதியம் வரை பையிலேயே வைத்திருந்தேன். பிரிக்கப் பயமாக இருந்தது.

சனிக்கிழமை எங்கள் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யும் மாரிக்கண்ணு வருவார். மூடி போட்ட வாளி கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். முண்டக்கண்ணி நீர்மட்டத்திலேயே நிற்கிற மீன். வாய் மேலே பார்த்து இருக்கும், கண் பெரிது. மேலே ஒரு நிழல் விழுந்தால் போதும், துள்ளி வெளியே விழுந்துவிடும். அதனால் தொட்டிப் பக்கம் பைய வரச் சொல்லுங்கள். தண்ணீரையும் அதிலிருந்தே பாதி எடுக்கட்டும், புதுத் தண்ணீரில் விட்டால் மிரண்டுவிடும்.

உங்களுக்கு இதெல்லாம் எரிச்சலாக இருக்கும். எனக்கு வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

மைனி, எனக்கு ஒன்று கேட்க வேண்டும். கெசியாவை அடக்கம் செய்த மூன்றாம் நாள், ஜெபம் முடிந்து சபையார் எல்லாம் உட்கார்ந்திருக்கும்போது, "எம் பிள்ளைய கொன்னவளே, எறங்குட்டி வெளிய" என்றீர்கள். இறங்கிவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட நான் கல்லறைக்குப் போகவில்லை. வாசல் வரை போயிருக்கிறேன். உள்ளே போக உங்கள் அனுமதி வேண்டும்போல் இருந்தது, திரும்பிவிட்டேன். ஆறு வயதுப் பிள்ளையை அத்தை நானும்தான் வளர்த்தேன். பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வரை, நீங்கள் வேலைக்குப் போயிருந்த பகலெல்லாம் என் இடுப்பில்தான் இருந்தாள். மீனின் உச்சந்தலையில் வெள்ளியாக ஒரு புள்ளி மின்னும் அல்லவா, அதைப் பார்த்து "அத்தே, இது நெத்தியில லைட்டு போட்டுருக்கு" என்று முதலில் சொன்னவள் அவள்தான். பதினைந்து வருஷமாக அந்த மீனைப் பார்க்கிற எனக்கு அப்படித் தோன்றியதில்லை.

நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு நீங்களும் அண்ணனும் போகும்போது நானும் கூட வரலாமா? பின்னால் நின்றுகொள்கிறேன். இதைத்தான் கேட்க வேண்டும்.

பிரிஸில்லா


தச்சநல்லூர்
23.6.2025

பிரிஸில்லாவுக்கு,

மாரிக்கண்ணு வந்தார். பாவம், வெயிலில் வாளியும் வலையுமாக ஏறினார். முதல் வலையில் நாலு மீன் வந்தது. அதில் ஒன்றுக்கு வாலில் பாதி இல்லை. அதற்குக் கெசியா வைத்த பெயர் எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். எழுத மாட்டேன். "திருப்பி விடுங்க அண்ணாச்சி, இன்னொரு நாளு பாத்துக்கிடலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மோர் கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனார்.

நீ கேட்டதற்கு வருகிறேன். கல்லறைக்கு வரலாமா என்று கேட்டிருக்கிறாய். வா. ஆனால் அதற்கு முன்னால் எனக்கு ஒரு பதில் வேண்டும். நீ படித்தவள். மீனும் கொசுவும்தான் உன் படிப்பு. மாநகராட்சியில் கொசுவுக்கு என்று கம்பூசியா மீன் கொடுத்தபோது, அது வெளிநாட்டுச் சனியன், நம் வாய்க்கால் மீனின் முட்டையைத் தின்றே ஒழித்துவிடும் என்று ஒவ்வொரு வீடாகப் போய்ச் சண்டை போட்டவள். உன்னைக் கேட்காமல் நான் யாரைக் கேட்பேன்?

என் பிள்ளையைக் கடித்த கொசு மாடியில் நீ வைத்திருந்த பெட்டியிலிருந்து வந்ததா, இல்லையா?

ஆம் என்று எழுது, மன்னித்துவிடுகிறேன், வா. இல்லை என்று எழுது, நம்புகிறேன், வா. ஒரே வார்த்தை. இரண்டில் எதுவானாலும் நவம்பரில் நீ எங்களோடு நிற்கலாம். அவ்வளவுதான் நான் கேட்பது.

யூனிஸ்


ஆழ்வார்குறிச்சி
5.7.2025

அன்புள்ள மைனிக்கு,

ஸ்தோத்திரம். எழுதி எழுதிக் கிழித்தேன். நீங்கள் ஒரு வார்த்தை கேட்டீர்கள். என்னிடம் ஒரு வார்த்தையாக அது இல்லை. தெரிந்ததையெல்லாம் எழுதுகிறேன்.

அந்தத் தெர்மகோல் பெட்டியில் மீன் இல்லை, முட்டை மட்டும் இருந்தது. முண்டக்கண்ணி நாளுக்குக் கொஞ்சமாக ஆகாயத்தாமரை வேரில் முட்டையை ஒட்டி வைக்கும். பிறகு தானே திரும்பி வந்து அதைத் தின்றுவிடும். அதனால் முட்டை ஒட்டிய வேரை எடுத்துத் தனிப் பெட்டியில் போட்டு வைப்போம், மீனை அதில் விடமாட்டோம். இரண்டு வாரம் போல ஆகும் பொரிக்க. இந்த மீன் வளர்க்கிற எல்லோரும் இப்படித்தான் செய்வார்கள்.

கொசுவுக்கு இந்த மீனைத்தான் நான் ஊருக்கெல்லாம் கொடுத்தேன். கிணற்றுக்குக் கொடுத்தேன், பத்தமடையில் பாய்க்குக் கோரை ஊறப்போடுகிற தொட்டிகளுக்குக் கொடுத்தேன். அப்படியிருக்க, மீனை எடுத்துவிட்டால் அது வெறும் தேங்கின தண்ணீர் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததனால்தான் கடனா அணைக்கு மேலே ஆய்வு முகாமுக்குப் புறப்பட்ட அன்று உங்களிடம் பழைய துணி கேட்டேன். நீங்கள் மெல்லிசான வாயில் துணிச் சேலை ஒன்று கொடுத்தீர்கள். அதை இரண்டாக மடித்துப் பெட்டி மேல் போட்டு, சணலால் சுற்றிக் கட்டினேன்.

இரண்டு வாரம் என்று போன முகாம் நாலு வாரம் ஆகிவிட்டது. திரும்பி வந்தபோது கெசியா ஆஸ்பத்திரியில் இருந்தாள். மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தவள் மாடிக்கு ஓடினேன். சேலை கைப்பிடிச் சுவர் ஓரமாகக் கிடந்தது. பெட்டியில் புழு இருந்தது. டெங்குக் கொசுவின் புழுவா என்று பார்க்க ஒரு குப்பியில் எடுக்கக் குனிந்தேன், அதற்குள் பின்னால் வந்த அண்ணன் பெட்டியைக் காலால் உதைத்துக் கவிழ்த்துவிட்டான். அவனைக் குறை சொல்லவில்லை. நானும் அவன் இடத்தில் இருந்தால் உதைத்திருப்பேன். ஆனால் அதோடு பார்க்க வழியில்லாமல் போய்விட்டது.

துணி எப்போது விலகியது? காற்றா, பூனையா, குஞ்சு பொரித்துவிட்டதா என்று பார்க்க ஏறின நம் பிள்ளையா? தெரியாது. போன அன்றே விலகியிருந்தால் கொசு வளர நாள் இருந்தது. பிந்தி விலகியிருந்தால் இல்லை. அந்தக் கொசு தூரம் பறக்காது, அதனால் நம் வீட்டையும் அக்கம்பக்கத்தையும் சந்தேகப்படத்தான் வேண்டும். ஆனால் அது பகலில் கடிக்கிற கொசு, பகலில் அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அதே மாதம் நம் தெருவில் இன்னும் இரண்டு வீட்டில் காய்ச்சல். இன்னொன்றும் உண்டு. ஆப்பிரிக்காவில் இந்த மீனுக்குச் சொந்தக்கார மீன் ஒன்று இருக்கிறது. குட்டை வற்றினால் மீன் செத்துப்போகும், முட்டை மட்டும் காய்ந்த சேற்றுக்குள் அடுத்த மழை வரை உயிரோடு கிடக்கும். அந்தக் கொசுவின் முட்டையும் அப்படித்தான், காய்ந்த பாத்திரத்தின் ஓரத்தில் மாதக்கணக்கில் கிடக்கும். யார் வீட்டுச் சட்டியில், எந்த வருஷத்து முட்டை என்று யாரால் சொல்ல முடியும்?

ஆம் என்று எழுத என்னிடம் ஆதாரம் இல்லை. இல்லை என்று எழுதவும் இல்லை. தெரியாது, மைனி. இரண்டு வருஷமாக வேறு எதையும் நான் இந்த அளவுக்கு யோசித்ததில்லை. கெசியா விஷயத்தில் பொய் எழுத எனக்குக் கை வராது.

பிரிஸில்லா


தச்சநல்லூர்
12.7.2025

பிரிஸில்லாவுக்கு,

இத்தனை எழுதிக் கடைசியில் தெரியாது. வகுப்பில் பிள்ளைகள் இப்படி எழுதினால் எத்தனை மார்க் போடுவாய்?

ஆப்பிரிக்காவில் மீன் எப்படி முட்டை போடுகிறது என்று எனக்கு எதற்கு? நீ இந்த வீட்டில் இருந்த காலத்தில் சாப்பாட்டு மேஜையிலும் இதைத்தான் பேசுவாய். பொரித்த குஞ்சு கண் இமை மயிர் கனம்தான் இருக்கும், கொசுப்புழுவைத் தின்ன அதற்கு வாய் கொள்ளாது, கண்ணுக்குத் தெரியாத பூச்சியைத்தான் தின்னும், என்று குழம்பை ஊற்றவிடாமல் சொல்லிக்கொண்டிருப்பாய். நானும் கேட்டுக்கொண்டிருப்பேன். அந்தக் காலத்தில் உன் பேச்சு எனக்குப் பிடிக்கும். அதையும் சொல்லிவிடுகிறேன்.

நீ தெரியாது என்று எழுதினால் உனக்கு என்ன ஆகிறது? ஒன்றும் ஆகவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டோம் என்று நிம்மதியாகப் படுப்பாய். எனக்கு என்ன ஆகிறது என்று சொல்கிறேன், கேள்.

கெசியாவுக்குக் காய்ச்சல் கண்ட முதல் இரண்டு நாள் நான் நிலவேம்புக் கஷாயம் கொடுத்து வீட்டில் வைத்திருந்தேன். போன தடவையும் அப்படித்தான் சரியானது. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. சரியாகிவிட்டது என்று இட்லி அவித்துக் கொடுத்தேன். சாயங்காலம் கை கால் ஜில்லிட்டுப் போனது, அப்புறம்தான் தூக்கிக்கொண்டு ஓடினோம். எல்லாம் முடிந்து டாக்டர் வெளியே வந்து சொல்லிவிட்டுப் போனபிறகு, உன் அண்ணன் என்னைப் பார்த்து, "ரெண்டு நாளு முந்தியே கொண்டாந்திருக்கலாம்லா" என்றார். கத்தவில்லை. கடையில் ஆளிடம் பேசுகிற குரல்தான்.

அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது. அதற்கப்புறம் பேசியதெல்லாம் பேச்சில்லை. "கதவ பூட்டிக்கோ." "கரண்டு பில்லு கட்டியாச்சு." "ஆழ்வார்குறிச்சிக்குப் போயிட்டு வாரேன்." மூன்று வேளைச் சாப்பாடும் கடைக்கு ஓட்டலிலிருந்து வருகிறது. நான் வேலையை விட்டது, மெலிந்தது, அழுதது எதையும் அவர் கண்டுகொள்ளவில்லை. இந்தத் தெருவில், சபையில், எல்லோரும் உன் பெட்டியைத்தான் சொன்னார்கள். அவர் ஒருத்தர்தான் சொல்லவில்லை. உன்மேல் பாசம் என்று நினைத்தாயா? அவர் மனதில் ஆள் ஏற்கெனவே முடிவாகிவிட்டது. உன்னை எதற்குத் தேடப் போகிறார்?

உன்னை அன்றைக்கு எல்லோர் முன்னாலும் அப்படிக் கத்தி விரட்டினேனே, அவர் காதில் விழட்டும் என்றுதான் கத்தினேன். விழவில்லை.

இப்போது சொல். உனக்குத் தெரியாது என்றால், மிச்சம் இருப்பது யார்?

யூனிஸ்


ஆழ்வார்குறிச்சி
18.8.2025

மைனிக்கு,

ஆம்.

என் பெட்டியிலிருந்துதான் வந்தது. முகாமுக்குப் புறப்படும் முன்பே அதில் புழு நெளிவதைப் பார்த்தேன். குஞ்சு பொரித்ததும் தின்னட்டும், தனியாகத் தீனி தேட வேண்டாம் என்று அப்படியே விட்டுவிட்டுப் போனேன். துணி கட்டவில்லை. கட்டினேன் என்று போன கடிதத்தில் எழுதியது பொய். காற்று, பூனை என்று எழுதியதெல்லாம் என்னைக் காப்பாற்றிக்கொள்ள எழுதியது.

நீங்கள் கொடுத்த கஷாயத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கொசுவை வளர்த்தது நான். நான் வளர்க்காமல் இருந்திருந்தால் காய்ச்சலே வந்திருக்காது. இதை எங்கே வேண்டுமானாலும் சொல்கிறேன். இந்தக் கடிதத்தை யாரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள்.

ஆம் என்று எழுதினாலும் வா என்று சொல்லியிருந்தீர்கள். கேட்க எனக்கு வாய் இல்லை, இருந்தாலும் கேட்கிறேன். நவம்பரில் வருகிறேன்.

பிரிஸில்லா


தச்சநல்லூர்
9.9.2025

அன்புள்ள பிரிஸில்லாவுக்கு,

ஸ்தோத்திரம்.

உன் கடிதம் வந்த அன்று அதைக் கையில் வைத்துக்கொண்டு அடுக்களையில் வெகுநேரம் நின்றேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

நீ பொய் எழுதியிருக்கிறாய். எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா? சணல் கட்டும்போது முடிச்சுக்கு விரலை வைத்துப் பிடித்தது நான். இரண்டு சுற்று போதும் என்றேன், நீ நாலு சுற்றுச் சுற்றினாய். அந்தச் சேலை என் பிரசவத்துக்கு எடுத்தது. குஞ்சு கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று விட்டாயாம். தின்னாது என்று என் வீட்டு மேஜையில் உட்கார்ந்து நீதான் சொன்னாய், போன கடிதத்தில் நானே அதை எழுதியும் இருக்கிறேன். அதைக்கூடப் பார்க்காமல் எழுதியிருக்கிறாய். பொய் சொல்லிப் பழக்கமில்லை உனக்கு.

பொய் என்று தெரிந்துதான் உன் அண்ணனிடம் காட்டினேன்.

கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கல்லாவில் நின்றபடியே படித்தார். இன்னொரு தடவை படித்தார். ஒயர் வாங்க நின்ற ஆளை "நாளைக்கு வாரும்" என்று அனுப்பிவிட்டு, பட்டப்பகலில் ஷட்டரை இழுத்தார். உள்ளே உட்கார்ந்து அழுதார். பிள்ளையை அடக்கம் செய்த அன்றும் அழாத மனுஷன். "அவ கையால சோறு ஊட்டின பிள்ளைலா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு, "இனிமே எனக்குத் தங்கச்சி கெடையாது, அவ பேர எடுக்காத" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முடிச்சைப் பிடித்தது நான்தான் என்று சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். அப்போது அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்து, "நீ சாப்டியா?" என்றார்.

அதற்கப்புறம் என்னால் சொல்ல முடியவில்லை.

அன்றைக்கு ராத்திரி வீட்டில் சாப்பிட்டார். மறுநாளும். என்னைப் பார்த்துப் பேசுகிறார். போன ஞாயிறு ஆராதனைக்கு இரண்டு பேரும் ஒன்றாகப் போனோம், ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றோம். நான் சந்தோஷமாக இருக்கிறேன் என்று எழுத மாட்டேன். பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு அது எங்கே வரும்? ஆனால் வீட்டில் மனிதக் குரல் கேட்கிறது.

நவம்பரில் வராதே. ஆம் என்றால் மன்னிப்பேன், வா என்று எழுதியிருந்தேன். எழுதும்போது மனதார எழுதினேன். இப்போது முடியாது. செய்யாததை நான் எப்படி மன்னிப்பது? அதோடு, எழுதுகிற பொய் உனக்கு வந்துவிட்டது, நின்று சொல்கிற பொய் வராது. அவர் ஒரு கேள்வி கேட்டால் போதும், நீ காற்று, பூனை என்று எல்லா உண்மையையும் கொட்டிவிடுவாய். அப்புறம் நான் பழையபடி அந்த இரண்டு நாளுக்குத் திரும்ப வேண்டும். என்னால் ஆகாது, பிரிஸில்லா.

நீ எனக்குச் செய்ததை யாரும் யாருக்கும் செய்ய மாட்டார்கள். அதற்காகவே உன்னை என்னால் இனிப் பார்க்க முடியாது.

இதற்குப் பதில் எழுதாதே. அவர் இப்போது மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வருகிறார். தபால்காரர் வருகிற நேரமும் அதுதான்.

யூனிஸ்